மாறுவதா, மாற்றுவழி தேடுவதா?

அலுவலகத்தில் பணியாளர் ஒருவர் கணினியின் விசையை அழுத்துகிறார். திரை ஒளிர்கிறது, கோப்புகள் திறக்கின்றன, அச்சுப்பொறி இயங்குகிறது. இவை அனைத்தையும் பின்னணியிலிருந்து ஒருங்கிணைக்கும் மென்பொருளே இயங்குதளம். வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடையே பாலமாக விளங்குவது அது. விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை பலரும் அறிந்த இயங்குதளங்கள்.

இயங்குதளத்துக்கும் ஆயுட்காலம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு, 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி மறுநாளே நின்றுவிடும் என்று பொருளன்று. அது வழக்கம்போல் இயங்கும். ஆனால், அந்த இயங்குதளத்தில் புதிய குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் சரிசெய்யும் பாதுகாப்புப் புதுப்பிப்பு இலவசமாகத் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இனி இல்லை. பூட்டு பழுதடைந்தாலும் பழுதுபார்க்க ஆளில்லாத வீட்டைப் போன்றது அந்நிலை.

அப்படியானால், எல்லா நிறுவனங்களும் உடனே புதிய பதிப்புக்கு மாறிவிடலாமே? அது அவ்வளவு எளிதன்று.

தயக்கத்துக்கான காரணங்கள்

முதலாவது காரணம் வன்பொருள். 2021ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் இயங்குவதில்லை. குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு அம்சம், அங்கீகரிக்கப்பட்ட மையச் செயலகம் ஆகியவை அதற்குத் தேவை. 2017ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த பெரும்பாலான கணினிகளின் மையச் செயலகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, நல்ல நிலையில் இயங்கும் கணினியையும் ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. ஒதுக்கப்படும் கணினிகள் மின்னணுக் கழிவாகக் குவிந்து சுற்றுச்சூழலுக்கும் கேடு விளைவிக்கின்றன.

இரண்டாவது காரணம் பழைய மென்பொருள். ஒரு தொழிற்சாலையில் உள்ள வெட்டு இயந்திரத்தையோ ஒரு மருந்தகத்தில் உள்ள ஊடுகதிர்க் கருவியையோ இயக்கும் மென்பொருள், குறிப்பிட்ட ஒரு பதிப்பில் மட்டுமே சரியாக வேலை செய்யலாம். இயங்குதளத்தை மாற்றினால் அந்த விலையுயர்ந்த கருவியையும் மாற்ற நேரிடலாம்.

மூன்றாவது காரணம் மனிதர்கள். பல ஆண்டுகள் பழகிய திரை மாறும்போது பணியாளர்களுக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. பயிற்சிக்கு நேரமும் பணமும் செலவாகும்.

ஒத்திப்போட்டால் என்ன ஆகும்?

செலவுக்கு அஞ்சி ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம் என்று சில நிறுவனங்கள் நினைக்கின்றன. அதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் உலகம் கண்டது. வான்னாகிரை என்னும் தீநிரல் அன்று பரவத் தொடங்கியது. சில நாள்களிலேயே சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. அத்தீநிரல் கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்டு மிரட்டியது.

பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையும் அதற்குத் தப்பவில்லை. அவசர வாகனங்கள் சில மருத்துவமனைகளிலிருந்து வேறு இடங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. சிகிச்சைக்காகக் காத்திருந்த நோயாளிகளே அந்தச் சுமையைத் தாங்கினர்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தீநிரல் பயன்படுத்திய குறைபாட்டைச் சரிசெய்யும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அச்சுகாதாரச் சேவையில் பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, அப்போது ஆதரவு நீடித்த விண்டோஸ் 7 கணினிகளே. புதுப்பிப்பு இருந்தும் அது அவற்றில் நிறுவப்படவில்லை. எனவே, பதிப்பு பழையதா புதியதா என்பது மட்டும் சிக்கலன்று. பராமரிப்பு ஒழுங்காக நடைபெறுகிறதா என்பதும் முக்கியம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது கணினிக்கும் பொருந்தும்.

நிறுவனங்கள்முன் உள்ள மாற்றுவழிகள்

புதிய பதிப்புக்கு மாற இயலாத நிறுவனங்கள் பொதுவாக நான்கு வழிகளை ஆராய்கின்றன.

முதல் வழி, பணம் செலுத்தி ஆதரவை நீட்டித்துக்கொள்வது. விண்டோஸ் 10 பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு முதலாண்டுக் கட்டணம் ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. அக்கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். மூன்றாண்டுக்குமேல் நீட்டிக்க இயலாது. மூன்றாண்டுக்கும் கணக்கிட்டால் ஒரு கணினிக்கு 427 டாலர் ஆகிறது. இருபது கணினிகள் கொண்ட அலுவலகத்துக்கு 8,540 டாலர் செலவாகும். அத்தொகைக்குப் புதிய கணினிகள் பலவற்றையே வாங்கிவிடலாம். ஆகவே, இது சிறிது கால அவகாசம் தருமே தவிர, நிலையான தீர்வாகாது.

இரண்டாம் வழி, லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது. பின்லாந்தில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு இதன் கருநிரலை வெளியிட்டார். இது திறந்த மூல மென்பொருள். அதாவது, இதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். லினக்ஸின் பல பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கணினிகளிலும் நன்கு இயங்குகின்றன. ஆயினும், விண்டோசுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் சில இதில் இயங்கமாட்டா. மென்பொருள் இலவசமானாலும் பயிற்சியும் பராமரிப்பும் இலவசமல்ல.

மூன்றாம் வழி, இணைய உலாவியை மையமாகக் கொண்ட எளிய இயங்குதளத்தைப் பயன்படுத்துவது. கூகல் நிறுவனத்தின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. மின்னஞ்சல், இணையவழி ஆவணம், காணொளிக் கூட்டம் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் அலுவலகங்களுக்கு இது ஏற்றது. இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டால் பல பணிகள் தடைபடும்.

நான்காம் வழி, பழைய கணினியை இணையத்திலிருந்து முற்றிலும் பிரித்துவைப்பது. குறிப்பிட்ட இயந்திரத்தை இயக்குவதற்காக மட்டும் உள்ள கணினிக்கு இது பொருந்தும். அப்போதும் விரலி வழியாகத் தீநிரல் நுழையக்கூடும். ஆகவே, அதில் எதைச் செருகலாம் என்பதற்குக் கண்டிப்பான விதி இருக்க வேண்டும்.

இருவேறு அனுபவங்கள்

லினக்சுக்கு மாறிய இரண்டு பெரிய அமைப்புகளின் அனுபவம் நல்ல பாடமாக அமைகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டு விண்டோசிலிருந்து விலக முடிவு செய்தது. 2013ஆம் ஆண்டு இறுதிக்குள் சுமார் 15,000 கணினிகள் லினக்சுக்கு மாற்றப்பட்டன. ஆனால், 2017ஆம் ஆண்டில் நகர மன்றம் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. பிற அமைப்புகளோடு ஆவணங்களைப் பரிமாறுவதில் ஏற்பட்ட சிக்கலும் பணியாளர்களின் மனக்குறையும் காரணங்களாகக் கூறப்பட்டன. சிக்கலுக்குக் காரணம் லினக்ஸ் அன்று, நிர்வாக முறையே என்று வாதிட்டவர்களும் உண்டு.

பிரான்சின் ஜான்டாமரி எனப்படும் தேசியக் காவற்படை வேறு முறையைக் கையாண்டது. முதலில் 2005ஆம் ஆண்டில் விண்டோசிலேயே ஓப்பன் ஆபிஸ் என்னும் திறந்த மூல அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அடுத்து, உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றியது. விண்டோஸ் விஸ்டா வெளிவந்தபோது, அதற்கு மாறுவதில் பெரும் பயனில்லை என்று கருதி, 2008ஆம் ஆண்டு முதல் உபுந்து என்னும் லினக்ஸ் பதிப்புக்கு மாறலாயிற்று. அதற்குள் பணியாளர்கள் புதிய மென்பொருள்களுக்குப் பழகியிருந்தனர். மாறியது அடியில் இருந்த இயங்குதளம் மட்டுமே. இன்று அங்குப் பல்லாயிரக்கணக்கான கணினிகள் லினக்சில் இயங்குகின்றன. பதறாத காரியம் சிதறாது அல்லவா?

முடிவெடுக்கும் முறை

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? இருபது கணினிகள் கொண்ட ஓர் அச்சகத்தை எண்ணிப் பார்ப்போம். அதன் நிர்வாகி முதலில் எல்லாக் கணினிகளையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றும் எந்த வேலைக்குப் பயன்படுகிறது, எந்த மென்பொருள் அதற்கு இன்றியமையாதது, எப்படிப்பட்ட தரவு அதில் உள்ளது என்பனவற்றைக் குறிக்க வேண்டும். அப்போது, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு தேவையில்லை என்பது புலனாகும். வாடிக்கையாளர் விவரமும் ஊதியக் கணக்கும் உள்ள கணினிகளுக்குப் புதிய, பாதுகாப்பான இயங்குதளம் தேவை. மின்னஞ்சலுக்கு மட்டும் பயன்படும் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போதும். பழைய அச்சு இயந்திரத்தை இயக்கும் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைக்கலாம்.

பின்னர், தேர்ந்தெடுத்த தீர்வை ஓரிரு கணினிகளில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த மாற்றத்துக்கு முன்னும் முக்கியக் கோப்புகளுக்கு மறுபிரதி எடுத்து, வேறோர் இடத்தில் பாதுகாக்க வேண்டும். நாள்தோறும் அக்கணினிகளைப் பயன்படுத்தும் பணியாளர்களின் கருத்தையும் கேட்டறிய வேண்டும். அவர்கள் ஏற்காத மாற்றம் நிலைக்காது.

புதியது என்பதற்காகவே ஒன்றை ஏற்பதும், பழகியது என்பதற்காகவே ஒன்றை விடாமல் பற்றிக்கொள்வதும் அறிவுடைமையாகா. ஒரு கணினியைச் சார்ந்து பலருடைய வேலையும், ஊதியமும், சில வேளைகளில் உயிரும் உள்ளன. அவற்றுக்கு எது பாதுகாப்பானது என்று ஆராய்ந்து, உரிய காலத்தில் முடிவெடுப்பதே நிறுவனத்தின் கடமையாகும்.