சுவைத்தல்வழி எண்ணறிவும் அறிவியலும்: மழலைக் கல்வியில் அறுசுவை

முன்னுரை

படத்திலுள்ள மாங்காய்க்கு நிறமும் வடிவமும் உண்டு, புளிப்பு இல்லை. 1975இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடிகளில் உணவும் முன்பருவக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வழங்கப்படுகின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் எளிய வழியாகச் சுவைத்தல் அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

வகைப்படுத்தலும் எண்ணலும்

வெல்லம், மாங்காய், பாகற்காய், நெல்லிக்காய் ஆகியவற்றின் சிறு துண்டுகளைச் சுவைக்கும் குழந்தைகள், அவற்றை ஒப்பிட்டு வகைப்படுத்துகின்றனர். பின்னர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த உணவின்முன் ஒரு வெற்றுத் தீப்பெட்டியை அடுக்குகின்றனர். ஒரு குழந்தைக்கு ஒரு பெட்டி என்பதால் ஒன்றுக்கொன்று பொருத்தும் திறன் வளர்கிறது. பெட்டிகள் ஒரே அளவின ஆதலால், எண்ணத் தொடங்கும் முன்பே மிகுதியும் குறைவும் கண்ணுக்குப் புலனாகின்றன. எழுத்தறியாக் குழந்தை உருவாக்கும் பட்டை வரைபடம் இது.

உற்றுநோக்கலும் சோதனையும்

நெல்லிக்காய் உண்டபின் பருகும் நீர் இனிக்கிறது. மாறியது நீரா, நாவா என்னும் வினா இங்கு எழுகிறது. அதே குடத்து நீரை நெல்லிக்காய் உண்ணாத குழந்தைக்கு அளித்தால் இனிப்பதில்லை. ஒரு கூறினை மட்டும் மாற்றி ஒப்பிடுதல் என்னும் அறிவியல் முறையின் அடிப்படை இதில் அடங்கியுள்ளது.

ஆறும் ஐந்தும்

தமிழ் மரபு சுவையை ஆறாகப் பகுக்கிறது. இன்றைய உடலியங்கியலோ இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றுடன், 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா இனங்கண்ட உமாமியையும் சேர்த்து ஐந்தாகக் கொள்கிறது. மிளகாயின் கார்ப்பு, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளால் அறியப்படுவது. துவர்ப்பு பெரிதும் தொடுவுணர்வு சார்ந்தது. மரபு வாயின் முழு நுகர்வையும், உடலியங்கியல் சுவை மொட்டுகளின் ஏற்பிகளையும் அளவுகோலாகக் கொள்வதாலேயே எண்ணிக்கை வேறுபடுகிறது. எனவே 'துவர்ப்பு சுவையன்று' என ஆசிரியர் திருத்த வேண்டுவதில்லை. 'வாய் எப்படி இருக்கிறது?' என வினவுதலே தக்கது. மாறாக, நுனியில் இனிப்பு, அடியில் கைப்பு என நாவைக் கூறுபோடும் பழைய படம் தவிர்க்கப்பட வேண்டும். சுவை மொட்டுகள் உள்ள பகுதிகள் அனைத்தும் எல்லா அடிப்படைச் சுவைகளையும் உணர வல்லவை.

முடிவுரை

ஒவ்வாமையை முன்னரே கேட்டறிதலும், தொண்டையில் அடைக்காத அளவில் துண்டாக்குதலும், சுவைக்க மறுக்கும் குழந்தையை வற்புறுத்தாமையும் இம்முறையின் இன்றியமையாக் கூறுகள். அவற்றிற்கு இணையானது ஆசிரியரின் பொறுமை. 'இது புளிக்கும்' என முன்கூட்டியே அறிவித்துவிட்டால், சுவைத்தலும் மனப்பாடமாகிவிடும். ஒரு குழந்தைக்குப் புளிப்பதும் மற்றொரு குழந்தைக்கு இனிப்பதும் ஒருங்கே பதிவாகும்போதுதான், தன் புலன் அறிந்ததைச் சான்றாகக் கூறும் துணிவு குழந்தைக்கு வாய்க்கிறது.