கருவுரையும் தலைமைத் தொடரும்

'விழுப்புரமும் திண்டிவனமும்' என்னும் தலைப்பில் கட்டுரை வரையப் புகும் மாணவன், 'இவை சிறந்த ஊர்கள்' என்று தொடங்குவானாயின், படிப்போர்க்கு விளங்குவது யாது? எவ்வூர்க்கும் பொருந்தும் சொல் எவ்வூரையும் விளக்காது. 'இவ்விரண்டு ஊர்களும் வழிகள் கூடும் இடங்களாதலின் வளர்ந்தன' என்று எழுதினால், அது மறுக்கவும் நிறுவவும் இடந்தரும் கருத்தாகும். அதுவே கட்டுரையின் கருவுரை.

கருவுரையை நிறுவுவன பத்திகள். பத்திதோறும் தலைமைத் தொடர் ஒன்று வேண்டும். 'விழுப்புரத்தில் ஐந்து திசை இருப்புப்பாதைகள் கூடுகின்றன' என்பது அத்தகையது. அதன்பின் சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை ஆகியவற்றை நோக்கிச் செல்லும் பாதைகளை விளக்கலாம். அப்பத்தியினிடையே, திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காட்டைக் குறிக்கும் என்ற செய்தியைச் செருகலாகாது. செய்தி சுவையுடையதே, ஆயினும் அதற்குரிய இடம் அதுவன்று. இத்தகைய பிழையையே 'மற்றொன்று விரித்தல்' எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். திண்டிவனத்தைப் பற்றிய பத்தியோ, சென்னை நெடுஞ்சாலையினின்று புதுச்சேரிக்கும், செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கும் சாலைகள் அங்கே பிரிவதைக் கூறித் தொடங்கும்.

எழுதுங்கால் ஓர் இடர் நேர்தலும் உண்டு. விழுப்புரம் 1993-இல் மாவட்டத் தலைநகராயிற்று. அதன்பின் வந்த அரசு அலுவலகங்களும் அவ்வூரின் வளர்ச்சிக்குத் துணையாயின. கருவுரை இதனைத் தழுவவில்லையேல், செய்தியை மறைத்தல் தகாது. கருவுரையையே திருத்துதல் வேண்டும். 'வழிகள் கூடியதால் வளர்ந்த இவ்விரண்டனுள், விழுப்புரம் தலைநகரானமையால் மேலும் வளர்ந்தது' என அது மாறும். அதற்கேற்பத் தனக்கெனத் தலைமைத் தொடருடைய மூன்றாம் பத்தி ஒன்றும் கட்டுரையிற் சேரும்.