சஸ்டெயினபிலிட்டி எந்த டிபார்ட்மென்ட் வேலை? ஒரு டன் நெல்லை வைத்து ஒரு கணக்கு

போன மாதம் ஒரு பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி இது: "ஒரு கம்பெனியில சஸ்டெயினபிலிட்டியை யார் பார்த்துக்கணும்?"

நான் யோசிக்கவே இல்லை. "அதுக்குன்னு ஒரு தனி டீம் இருக்கும் சார்" என்றேன்.

"சரி, அந்த டீம் பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட போய் என்ன சொல்லும்?"

பதில் வரவில்லை. வேலையும் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்பும்போது ஒன்று உறைத்தது. அந்தக் கேள்விக்கான பதிலை நான் ஏற்கெனவே நேரில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு இன்-பிளான்ட் டிரெயினிங்கில் இரண்டு வாரம் இருந்த ஓர் அரிசி ஆலையில். ஆலையின் பேர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு டன் நெல்

நம்மில் பலர் டெல்டாக்காரர்கள்தான். ஆனால் நெல் எப்படி அரிசியாகிறது என்று கேட்டால் "அரைப்பாங்க" என்பதோடு நிறுத்திவிடுவோம். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, காயவைத்து, அப்புறம்தான் அரைக்கிறார்கள். ஒரு டன் நெல்லில் சுமார் 680 கிலோ அரிசி கிடைக்கும். சுமார் 200 கிலோ உமி. மீதியில் பெரும்பகுதி தவிடு.

அந்த உமிதான் பாய்லருக்கு எரிபொருள். உமி எரிந்தால் அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதாவது ஒரு டன் நெல்லுக்கு சுமார் 40 கிலோ சாம்பல். ஊறப்போட்ட தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விட்டால் பக்கத்து வாய்க்கால் நாறும்.

உமி, தண்ணீர், சாம்பல், கரண்ட். ஆலையின் சுற்றுச்சூழல் கணக்கு பெரும்பாலும் இந்த நாலுதான். இதில் எதுவுமே "பசுமை டீம்" என்ற அறையில் உருவாகவில்லை என்பதைக் கவனிங்க.

ஈரம் என்கிற ஒரே நம்பர்

நான் போனது குறுவை அறுவடை நேரம். முன்பெல்லாம் கையால் அறுத்த கதிர் வயலிலேயே கொஞ்சம் காயும், அப்புறம்தான் போரடிப்பார்கள். இப்போது அறுவடை மெஷின் ஒரே ஓட்டத்தில் அறுத்து, அடித்து, நெல்லாகக் கொட்டிவிடுகிறது. ஈரம் அப்படியே இருக்கும். காயவைக்கக் களம் இல்லாதவர்கள் ரோட்டில் பரப்புகிறார்கள். மழை வந்தால் அதுவும் போச்சு.

ஒரு நாள் ஆலைக்கு 22% ஈரத்தோடு நெல் வந்தது. பர்ச்சேஸில் இருந்தவருக்கு அன்றைக்கு சந்தோஷம், ஏனென்றால் மூட்டை விலை குறைவு. அவருடைய டார்கெட்டே மூட்டை விலைதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 17% ஈரம் உள்ள ஒரு டன் நெல்லில் தண்ணீர் போக 830 கிலோ சரக்கு. 22% என்றால் 780 கிலோதான். அதாவது விலையில் குறைந்தது 6% குறைத்து வாங்கினால்தான் சமமாகவே ஆகும். அதற்குக் குறைவான தள்ளுபடி என்றால், தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம்.

சேமித்து வைக்க அதை 14%-க்குக் காயவைக்கணும். 17% நெல் என்றால் டன்னுக்கு 35 கிலோ தண்ணீரை ஆவியாக்கணும். 22% என்றால் 93 கிலோ. இரண்டரை மடங்குக்கும் மேல்.

"புழுங்கலுக்கு எப்படியும் ஊறப்போடத்தானே போறோம், அப்புறம் எதுக்குக் காயவைக்கணும்?" நானும் இதைக் கேட்டேன். வந்த நெல் முழுவதையும் அன்றைக்கே ஊறப்போட முடிந்தால் சரி. தொட்டிகளுக்கு ஒரு அளவு இருக்கிறதே! மீதி நெல் களத்தில் குவிந்து கிடக்கும். ஈர நெல் குவியலில் சூடேறும், அரிசி மஞ்சளாகும்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். டிரையர் ராத்திரி முழுக்க ஓடியது. பாய்லர் கூடுதலாக உமி தின்றது. அப்படியும் ஒரு பகுதி நெல் சூடேறிவிட்டது. சில வாரம் கழித்து அங்கே வேலை பார்க்கிற ஒருவரிடம் விசாரித்தேன். அந்த அரிசியில் மஞ்சள் அதிகம் என்று வியாபாரிகள் விலையைக் குறைத்துக் கேட்டார்களாம்.

இப்போ ரிப்போர்ட்டைப் பாருங்க. பர்ச்சேஸ் கணக்கில் "சேமிப்பு". பாய்லர் கணக்கில் "கூடுதல் எரிபொருள்". விற்பனைக் கணக்கில் "தள்ளுபடி". அக்கவுன்ட்ஸில் மூன்றும் மூன்று ஷீட்டில். யார் மேலும் தப்பில்லை, அவரவர் டார்கெட்டை அவரவர் முடித்துவிட்டார்கள். ஆலைக்குத்தான் நட்டம், காற்றுக்கும் நட்டம்.

சுவரில் இருந்த சாக்பீஸ் கோடு

பாய்லர் பார்க்கிற அண்ணன் ஒருத்தர், பத்தாவது வரை படித்தவர். பாய்லர் ரூம் சுவரில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். என்னண்ணே இது என்றேன்.

"ஒரு ஷிப்டுக்கு எத்தனை கூடை உமி போவுதுன்னு போட்டு வைக்கிறேன் தம்பி. ஈர நெல்லு வந்தா கோடு கூடிப்போவும். மாய்ஸ்சர் மீட்டர் எல்லாம் எனக்கு வேணாம்."

"இதை ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"யார் கேக்குறா?"

நான் டிரெயினிங் ரிப்போர்ட்டில் 40 பக்கம் எழுதினேன். அந்தச் சுவரில் இருந்த அளவுக்கு உருப்படியான தகவல் அதில் இல்லை.

பெரிய அளவில் இதே கதை

இது ஒரு ஆலையின் பிரச்சினை மட்டும் இல்லை. 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தை எடுத்துக்கோங்க. கொள்முதல், சாக்கு, லாரி, கிடங்கு, அரைவை, ரேஷன் கடைக்கு அனுப்புவது என்று எல்லாம் ஒரே நிறுவனத்தின் கீழே வருகிறது. 2025 அக்டோபரில் குறுவை அறுவடையின்போதே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. டெல்டா முழுக்க நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல் தேங்கி நனைந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். 17% ஈரப்பத வரம்பை 22% ஆக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டார்கள். அளவு எடுக்க மத்தியக் குழு வந்தது.

வரம்பைத் தளர்த்தினால் விவசாயிக்கு உடனடி நிம்மதி, அது தேவை. ஆனால் மூட்டைக்குள் இருக்கிற ஈரம் விதியைப் படிக்காது. அது அப்படியே லாரிக்கும், கிடங்குக்கும், அரைவைக்கும் போகும். வாங்குகிற வேகமும், எடுத்துப்போகிற வேகமும், காயவைக்கிற வேகமும் ஒன்றாக இல்லை என்றால் எங்கேயோ ஓர் இடத்தில் நெல் முளைக்கத்தான் செய்யும்.

இதை டெல்டா முன்பே பார்த்திருக்கிறது. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்துக்குள்ளேயே ஒரு ஆராய்ச்சிக் கூடம் தொடங்கினார்கள். மழையில் மாட்டிய ஈர நெல்லைக் காப்பாற்றுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதுதான் வளர்ந்து, பெயர்கள் மாறி, இன்றைக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்று இருக்கிற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். ஆராய்ச்சியை ஆலைக்கு உள்ளேயே வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அப்போ என்ன செய்யலாம்?

செபி விதிப்படி 2022-23 நிதியாண்டிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள லிஸ்டட் கம்பெனிகள் நிலைத்தன்மை அறிக்கை வெளியிடணும். மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் நம்பர் கேட்பார்கள். அதைத் தொகுக்க ஒரு டீம் தேவைதான். ஆனால் அந்த டீமால் நம்பரை எழுத முடியும், மாற்ற முடியாது. மாற்றுகிற கை வேறு டிபார்ட்மென்டில் இருக்கிறது. நான் அந்த ஆலைக்கு இப்போது போனால் இப்படிச் சொல்வேன்:

பர்ச்சேஸ்: மூட்டை விலையைப் பார்க்காதீங்க, ஈரம் கழித்த விலையைப் பாருங்க.

உற்பத்தி: கேட்டில் எடுத்த ஈர அளவை ஒரு சீட்டில் எழுதி, அந்த லாட் போகும் இடமெல்லாம் கூடவே அனுப்புங்க.

பாய்லர்: சுவரில் இருக்கிற கோட்டை அதே சீட்டில் எழுதுங்க.

அக்கவுன்ட்ஸ்: உமி நம்ம உமிதானே என்று பூஜ்யம் போடாதீங்க. மிஞ்சுகிற உமியை விற்கலாம். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, பக்குவமாக எரித்தால் கான்கிரீட்டில் சிமென்டுக்குப் பதில் ஒரு பங்கு சேர்க்கலாம்.

எச்ஆர்: போனஸை ஒரு டிபார்ட்மென்டின் சேமிப்புக்குக் கொடுக்காதீங்க. விற்ற ஒரு டன் அரிசிக்கு எவ்வளவு உமி, தண்ணீர், கரண்ட் ஆச்சு என்ற பொது நம்பருக்குக் கொடுங்க.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. பர்ச்சேஸ் ரொம்ப உஷாராகி "ஈர நெல்லே வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் ஆலையின் நம்பர் அழகாக இருக்கும். ஆனால் நெல் ரோட்டுக்குத் திரும்பும். டிரையர் இல்லாத ஒரே ஆள் விவசாயிதான். நட்டத்தை கேட்டுக்கு வெளியே தள்ளுவதற்குப் பெயர் சஸ்டெயினபிலிட்டி இல்லை. ஆலையின் டிரையரை வாடகைக்குத் தரலாம். எந்த ஊரில் என்றைக்கு அறுவடை என்று முன்கூட்டியே பேசி, வரவைப் பிரித்துக்கொள்ளலாம். இதுவும் பர்ச்சேஸ் வேலைதான்.

அடுத்த முறை அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன்? "அந்த டீம் பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட பாய்லர் ரூம் கணக்கைக் காட்டணும் சார்" என்பேன்.

ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். இன்-பிளான்ட் டிரெயினிங் போனால் ஏசி ரூமில் பிபிடி பார்த்துவிட்டு வந்துவிடாதீங்க. பாய்லர் ரூமுக்குப் போங்க. சுவரைப் பாருங்க. அங்கே இருக்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்க. அவர் ரொம்ப நாளாகக் காத்திருக்கலாம்.