எதிர்காற்றில் ஏறும் படகு

றக்வானயிலிருந்து தெனியாயவுக்குப் போகும் பஸ் நேரே மலையேறுவதில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கம் திரும்பும், அடுத்ததில் வலப்பக்கம் திரும்பும். அப்படியே வளைந்து வளைந்து மேலே வந்துவிடும். கடலைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைக்குப் பாய்மரப் படகோட்டத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காற்று வரும் திசையை நோக்கியே போக வேண்டுமென்றால் படகோட்டியும் இப்படித்தான் வளைந்து ஏற வேண்டும்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் படகு ஓடும் என்று நினைத்திருப்போம். ஆனால் முன்பக்கத்திலிருந்து சாய்வாகக் காற்று வரும்போது, வளைந்த பாய் விமான இறக்கையின் வேலையைச் செய்கிறது. காற்றைத் திருப்பிவிட்டு, தான் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னேயும் இழுபடுகிறது. அந்தப் பக்கவாட்டு இழுப்பை, படகின் அடியில் தண்ணீருக்குள் இறக்கியிருக்கும் பலகை தாங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது முன்னோட்டம்தான். ஈரப் பலாக்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிப் பாய்கிறதே, அதுபோல. காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை வரைதான் நெருங்கலாம் என்பதால், எதிர்காற்றில் 100 மீற்றர் முன்னேற 140 மீற்றருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும்.

சென்னையில் பிறந்த நேத்ரா குமணன் இதை 12 வயதில், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் பழகத் தொடங்கினார். 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் ஒலிம்பிக் தகுதி பெற்றார். பாய்மரப் படகோட்டத்தில் அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர்.

அவருடைய வகுப்பு லேசர் ரேடியல்; இப்போது ஐஎல்சிஏ 6 என்கிறார்கள். படகின் நீளம் 4.2 மீற்றர், உடற்பகுதியின் எடை 59 கிலோகிராம் அளவு. அதாவது ஏறி உட்காருபவரும் படகும் கிட்டத்தட்ட ஒரே எடை! காற்று பலத்தால் படகு சரியும். கவிழாமல் நிறுத்த அந்த உடம்பை விட்டால் வேறு பாரம் கிடையாது. கால்களை நடுவிலுள்ள பட்டிக்குள் கொளுவிக்கொண்டு, முழங்காலுக்கு மேலே உடம்பு முழுவதையும் வெளியே, தண்ணீருக்கு மேலே சாய்த்துத் தொங்க வேண்டும். ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாய்க் கயிறு. தொடை எரியும், அலை முகத்தில் அறையும். அந்த நிலையிலும் கண் முன்னாலுள்ள தண்ணீரை வாசித்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் மலைச்சரிவில் மானாப்புல் ஒரு பக்கமிருந்து வரிசையாகச் சாய்ந்து வருவதைப் பார்த்தால், காற்று வந்து சேருமுன்பே தெரிந்துவிடும். கடலில் அதே காற்று தண்ணீரைச் சுருக்கி, கருந்திட்டாக நகர்ந்து வரும். எந்தத் திட்டு எப்போது வந்து சேரும், காற்று எந்தப் பக்கம் சற்றே திரும்பும் என்று கணித்துத் தன் திருப்பத்தைத் தீர்மானிப்பவர் பத்துப் பதினைந்து படகு நீளத்தை ஒரே மூச்சில் முந்திவிடலாம். பிந்தியவருக்கு அதே தூரம் நட்டம்.

ஒலிம்பிக்கில் இந்த வகுப்புக்குப் படகுகளை ஏற்பாட்டாளர்களே தருகிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நேத்ராவுக்குக் கிடைத்தது 35ஆம் இடம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்செய் கடலில் அதே வகைப் படகில் ஓடி 21ஆம் இடத்துக்கு ஏறினார்.