வாட்டுக்குள் கற்கும் குருவானவர்

ஆஸ்பத்திரிப் பணிக்குச் செல்லும் குருவானவருக்கு முதல் ஆசிரியர் யார் என்று கேட்டால், நாம் தயங்காமல் வாட்டில் நிற்கும் தாதியையே காட்டுவோம். துன்பத்தைப் பற்றி இறையியல் கல்லூரியில் நிறையப் படித்திருக்கலாம். ஆனால் ஏழாம் கட்டிலில் உள்ள அம்மா இரவு முழுவதும் தூங்கவில்லை, மகன் இன்னும் வந்து பார்க்கவில்லை என்பது இரவுக் கடமையில் இருந்த மிஸிக்குத்தான் தெரியும்.

1925ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் வூஸ்ரர் நகர மனநோய் வைத்தியசாலையில் அன்ரன் பொய்சன் என்னும் குருவானவர் சில இறையியல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர் முன்னர் தாமே மனநோயாளராக வைத்தியசாலையில் இருந்தவர். மாணவர்களைப் பிரசங்கம் செய்ய அவர் அனுப்பவில்லை. பகலில் வாட்டுச் சிற்றூழியராக வேலை செய்யவிட்டு, பின்னர் கண்டதைக் கூடிப் பேசவைத்தார். இன்று பல நாடுகளிலும் நடக்கும் பயிற்சி இவ்வாறுதான் தொடங்கிற்று. (மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீனின் சொந்த ஊரும் இந்த வூஸ்ரரே.)

1930களில் பொஸ்ரனில் றசல் டிக்ஸ் என்பவர் இன்னொரு வழக்கத்தைச் சேர்த்தார். நோயாளருடன் பேசியதை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, பிறகு அதை ஆராய்வது. இது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால் நெஞ்சு சுடும். "ஐயா, நான் வீட்டுக்குப் போவேனா?" என்று ஒருவர் கேட்டார். "கடவுள் பார்த்துக்கொள்வார், பயப்படாதேயுங்கோ" என்றோம். மறுமொழி நல்லதுதான் என்று அப்போது நினைத்தோம். எழுதி வாசித்தபோதுதான், அதற்குப் பின் அவர் ஒன்றுமே பேசவில்லை என்பது தெரிந்தது. அவர் பயத்தைச் சொல்ல வந்தார். நாம் கதவைச் சாத்திவிட்டோம்.

முதல் வாரத்தில் இன்னொரு பிழையும் நேர்ந்தது. தாகம் என்று கெஞ்சிய ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனோம். மிஸி ஓடிவந்து தம்ளரைப் பறித்தார். அன்று காலை அவருக்குச் சத்திரசிகிச்சை. மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றிலிருந்து கட்டிலருகே போகுமுன் தாதியிடம் கேட்போம்: இவர் குடிக்கலாமா, தமது வருத்தம் இன்னதென்று இவருக்குச் சொல்லியாயிற்றா, யாரையாவது தேடுகிறாரா?

தாதிக்கு நாம் எதைச் சொல்லுவது? நோயாளர் நம்பிச் சொன்ன குடும்ப விடயம் நம்மோடு இருக்கட்டும். "இனி உயிரோடு இருக்க விருப்பமில்லை" என்று ஒருவர் சொன்னால், உதவி தேவை என்பதை அவருக்கே விளக்கிவிட்டு, உடனே பொறுப்புத் தாதிக்கு அறிவிக்கவேண்டும். சைவரோ பௌத்தரோ முஸ்லிமோ ஆனால், தமது சமயப் பெரியவர் யாரையேனும் அழைக்க விரும்புகிறாரா என்று கேட்டு ஒழுங்கு செய்வதும் நமது வேலையே.

ஒருநாள் வாட்டில் ஒரு பிள்ளை இறந்தது. தாய்க்கு ஆறுதல் சொல்லப் பலர் நின்றனர். பிள்ளையைக் கழுவித் துணி சுற்றிய மிஸி, கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போனார். கடமை முடியும்வரை காத்திருந்து, அவரோடு ஒரு தேநீர் குடித்தோம். அரை மணிநேரம் அவர்தான் பேசினார்.