நீல அச்சின் வெள்ளை

வெயில் காட்டி எடுத்த தாளைத் தண்ணீரில் போட்டதும் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு சாயம் பிரிந்து ஓடும். அது முழுக்க ஓடி முடிந்தால் தாளில் நீலமும் வெள்ளையும் மட்டும் நிற்கும். கொஞ்சம் தங்கிவிட்டால் அந்த இடத்தில்தான் கறை. கையாலேயே பூசி, வெயிலில் அச்சிட்டு, தண்ணீரில் கழுவும் சயனோடைப் முறையில் பாதி உழைப்பு வெள்ளையைக் காப்பதற்கே போகிறது.

இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின் மேல் பரப்பி, கேமராவே இல்லாமல் அச்செடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். பொறியாளர்களின் ‘புளூ பிரிண்ட்’டும் இதே வேதியியல்தான்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசல்களைச் சம அளவில் கலந்து, மங்கிய மஞ்சள் விளக்கில் தாளில் பூசுகிறோம். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறி, ஃபெரிசயனைடுடன் சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. அது தண்ணீரில் கரையாது. ஒளி படாத உப்புகள் கரைந்து போய்விடும். இதில் ஒளி செய்யும் வேலையை வேறு எது செய்தாலும் அது கறைதான். பிரஷ்ஷின் தகரப் பட்டையில் உள்ள இரும்பே போதும், கரைசல் பட்டால் நீலப் புள்ளிகள் விழ. ஆகவே நூலால் கட்டிய பிரஷ்ஷோ கண்ணாடிக் குச்சியோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரும்பாலான தொல்லை தாளிலிருந்தே வருகிறது என்பேன். விலை உயர்ந்த ஓவியத்தாள்கள் பலவற்றில், நாளடைவில் மஞ்சளித்து நொறுங்காமல் இருக்க, சுண்ணாம்புத்தூள் கலந்திருப்பார்கள். நீர்வண்ண ஓவியருக்கு அது வரம். பிரஷ்யன் நீலத்துக்கோ காரம் ஆகவே ஆகாது: நீலம் சிதைந்து, துருவைப் போன்ற இரும்பு ஹைட்ராக்சைடு பழுப்பாகப் படியும். நல்ல தாள் என்று நம்பி வாங்கியவரின் படம்தான் மஞ்சளடித்து வெளிறும். சுண்ணாம்பு இருக்கும் தாளை நீர்த்த சல்ஃபாமிக் அமிலத்தில் ஊறவைத்தால் குமிழி கிளம்பும். அது அடங்கிய பின் பலமுறை அலசிக் காயவைத்துப் பூசலாம். சிட்ரிக் அமிலமும் உதவும், ஆனால் அது சுண்ணாம்போடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பை இழையில் விட்டுவைக்கும்.

பூசிய தாள் காய்ந்ததும் மஞ்சள்பச்சையாக இருக்க வேண்டும். வெயிலுக்குப் போகும் முன்பே நீலம் பாரித்திருந்தால் கரைசல் பழசு, ஈரப்பதம் அதிகம், அல்லது தாளில் ஏதோ கலப்பு. ஒரு துண்டுத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, வெயில் காட்டாமலே கழுவிப் பாருங்கள். தாள் வெள்ளையாகத் திரும்பினால் பெரிய தாளில் இறங்கலாம். பூசிய அன்றே அச்சிட்டுவிடுவது நல்லது.

கழுவும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கடினமான போர்வெல் தண்ணீரிலோ காரத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரிலோ முதல் அலசலே இரும்பைத் தாளில் பிடித்துவைத்துவிடும். முதல் தட்டில் கொஞ்சம் வினிகரோ ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமோ போட்டால் மஞ்சள் சுலபமாக விட்டுப்போகும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஃபெரிசயனைடுடன் கடும் அமிலத்தையோ சூட்டையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். பிறகு தண்ணீரை மாற்றி மாற்றி, வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயை போகும்வரை அலசுங்கள். ஒட்டாமல் உதிரும் நீலத் துகள்கள் வெள்ளையில் படியாதிருக்க, தாளை முகம் குப்புற மிதக்கவிடலாம். மணிக்கணக்கில் ஊறப்போடவும் வேண்டாம், நீலமே மெலியும்.

சட்டையில் தெறித்த நீலத்தைச் சலவைச் சோப்பால் தேய்த்தால் அது துருக்கறையாக மாறும். அதன்பின் எலுமிச்சைச் சாறு விட்டு அலசினால் வெளுக்கும். படத்தை மட்டும் சோப்பு, சலவைச் சோடா, சுண்ணாம்பு கலந்த அட்டை எதனோடும் சேர்க்காதீர்கள். வெளிச்சத்தில் மங்கிய சயனோடைப்பைச் சில நாள் இருட்டில் காற்றாட வைத்தால் நீலம் பெரும்பாலும் மீண்டு வரும். காரத்தில் போன நீலம் அப்படி மீளாது.