ஊருக்குப் போகும் பெட்டி

ஜூன் மாதக் கடைசி. கராமாவில் வெயில் கொளுத்துகிறது. பள்ளிக்கூடம் மூடப் போகிறது. லிப்டில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "ஊருக்கு எப்போ போறீங்க?" அடுத்த கேள்வி, "எத்தனை கிலோ?"

வளைகுடாவில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். விமானத்தில் ஒருவர் எவ்வளவு எடை கொண்டு போகலாம் என்று கேட்கிறார்கள். பாட்டிக்குப் போர்வை, மாமாவுக்குச் சட்டை, சித்தி பிள்ளைகளுக்குச் சாக்லேட், எல்லாருக்கும் பேரீச்சம்பழம் எல்லாம் அந்தக் கிலோவுக்குள் அடங்க வேண்டும். வீட்டில் குட்டித் தம்பியோ தங்கச்சியோ இருந்தால், பால் புட்டி முதல் மாற்றுத் துணி வரை அவர்களுக்கு வேண்டியதும் கூடவே வர வேண்டும்.

எந்தப் பொருள் எங்கே போக வேண்டும், ஏன் அங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டால், பெட்டி கட்ட நீங்களும் உதவலாம்.

தட்டையான பக்கம் எங்கே?

"வாங்க, பெட்டி வாங்கப் போறோம்" என்று அப்பா கூப்பிட்டால், கடையில் முதலில் பெட்டியின் வடிவத்தைப் பாருங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

முன்பெல்லாம் ஊருக்குப் போகிற பலர் போர்வையையும் துணியையும் உருண்டையாகச் சுருட்டி, கயிறு கட்டிக் கொண்டு போவார்கள். 2017 மார்ச் 8 முதல் துபாய் விமான நிலையத்தில் ஒரு விதி வந்தது. சரக்கில் போடும் ஒவ்வொரு பெட்டிக்கும் தட்டையான பக்கம் ஒன்றாவது இருக்க வேண்டும். உருண்டையான மூட்டைகளை அப்படியே ஏற்க மாட்டார்கள்.

ஏன் அப்படி? நாம் கவுண்டரில் கொடுக்கும் பெட்டி ஓடும் பட்டையில் ஏறிப் போகிறது. துபாய் விமான நிலையத்தில் இந்தப் பட்டைகளின் மொத்த நீளம் சுமார் 140 கிலோமீட்டர். துபாயிலிருந்து அபுதாபிக்குச் சாலையில் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்! தட்டையான பெட்டி பட்டையில் அசையாமல் உட்காரும். உருண்டை மூட்டை உருண்டு போய் இடையில் சிக்கிக்கொள்ளும். ஒரு மூட்டை சிக்கினால் பின்னால் வரும் பெட்டிகளெல்லாம் நிற்கும். தொங்கும் கயிறும் நீளமான வாரும் இதே போல மாட்டிக்கொள்ளலாம். அதனால் வார்களை உள்ளே மடித்து வைக்க வேண்டும்.

சக்கரம் வந்த கதை

மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டு 1969. சக்கரம் வைத்த பெட்டி பரவலானது அதற்கும் பிறகுதான் என்றால் நம்புவீர்களா? பெர்னார்டு சாடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த பெட்டிக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். அதை வார் கட்டி, நாய்க்குட்டியைப் போல இழுக்க வேண்டும். 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி நீளும் கைப்பிடியும் இரண்டு சக்கரமும் வைத்து, நிமிர்ந்து நிற்கும் பெட்டியைச் செய்தார். இன்று நாம் இழுக்கும் பெட்டி அந்த வகைதான்.

ஒரு கையில் பாப்பா இருந்தால் பெட்டியை மற்றொரு கையால்தான் தள்ள முடியும். அதனால் நான்கு பக்கமும் திரும்பும் சக்கரம் உள்ள பெட்டி நல்லது. கடையிலேயே ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். கோணிக்கொண்டு போனால், "இது வேணாம்பா" என்று சொல்லிவிடுங்கள்.

கராமாவுக்குப் பக்கத்தில் இருக்கும் புர்ஜுமான் நிலையத்தில் மெட்ரோ சிவப்புத் தடத்தில் ஏறினால் விமான நிலையத்தின் 1-ஆம், 3-ஆம் முனையங்களுக்குப் போகலாம். 2-ஆம் முனையத்துக்கு மெட்ரோ இல்லை. அங்கே போக டாக்சியோ பேருந்தோ வேண்டும். எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலிப் பெட்டியும் கனக்கும்

பெரிய பெட்டி வாங்கினால் நிறைய வைக்கலாம் என்று நினைப்போம். ஆனால் பெட்டியின் எடையும் நம் கிலோவில்தான் சேரும். நமக்கு 30 கிலோ அனுமதி. காலிப் பெட்டி 5 கிலோ. அப்படியானால் பொருளுக்கு 25 கிலோதான் மிச்சம். கையில் கொண்டு போகும் பைக்குப் பல விமானங்களில் 7 கிலோ தருகிறார்கள். விமானத்துக்கு விமானம் இது மாறும். டிக்கெட்டைப் படித்துப் பார்ப்பதே சரி.

எடை கூடினால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து எதையாவது எடுக்க வேண்டும். பாட்டிக்கு வாங்கிய போர்வை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக ஏற்பதில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கி வைப்பவரும் மனிதர்தானே! அவர் முதுகு தாங்க வேண்டும்.

வீட்டிலேயே எடை பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அப்பா மட்டும் எடை பார்க்கும் கருவியில் ஏறுகிறார்: 71 கிலோ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்: 93 கிலோ. 93-இல் 71 போனால் பெட்டியின் எடை 22 கிலோ. "சரியா இருக்கு, பூட்டிடலாம்!"

கைப்பையில் எது?

சரக்கில் போட்ட பெட்டியை ஊரில் இறங்கும் வரை திறக்க முடியாது. துபாயிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். அதற்கு 3 மணி நேரம் முன்பே விமான நிலையம் போக வேண்டும். இறங்கிய பிறகு வரிசை, அப்புறம் ஊர் வரை கார். ஆக, ஒரு நாள் முழுதும் பாப்பாவுக்கு எது இல்லாமல் முடியாதோ, அதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்:

• பால், பாப்பா உணவு
• டயப்பர், ஈரத் துணி, இரண்டு மாற்றுச் சட்டை
• மருந்து, மருத்துவர் எழுதிய சீட்டு
• மெல்லிய போர்வை. விமானத்துக்குள் குளிரும்.
• எல்லாருடைய பாஸ்போர்ட். பிறந்த குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

கைப்பையில் திரவம் வைத்தால், ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. 2006-இல் திரவ வெடிபொருளை விமானத்தில் கொண்டு போகச் சிலர் திட்டமிட்டதைப் பிரிட்டன் காவலர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த விதி இது. பாப்பாவின் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. சோதனை செய்பவரிடம் அதைத் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் வர வேண்டும். அதில் இருக்கும் லித்தியம் பேட்டரி எப்போதாவது தீப்பிடிக்கலாம். நம் அருகில் இருந்தால் பணியாளர்கள் உடனே பார்த்து அணைப்பார்கள். சரக்கு அறையில் யார் பார்ப்பது?

பாப்பா ஏன் அழுகிறது?

விமானம் கீழே இறங்கும்போது பல குழந்தைகள் வீல் என்று அழும். காரணம், காது. விமானம் உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்கும். ஊட்டி போன்ற மலை ஊரில் இருப்பது போலத்தான். இறங்க இறங்க அழுத்தம் கூடும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அது திறந்தால்தான் காதின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். நாம் விழுங்கும்போது அது திறக்கிறது. அதனால் இறங்கும் நேரத்தில் பாப்பாவுக்குப் பால் கொடுப்பார்கள். நீங்கள் மிட்டாய் சப்பலாம், கொட்டாவி விடலாம்.

திரும்பி வரும்போது

ஊரிலிருந்து கிளம்பும்போது பாட்டி சும்மா விடுவார்களா? "இதையும் வச்சுக்கோ கண்ணு" என்று பொட்டலம் பொட்டலமாகத் தருவார்கள். அப்போது மூன்று பொருள்களை நினைவில் வையுங்கள்.

கசகசா: ஊரில் குருமாவுக்கு அரைப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இதற்குத் தடை இருக்கிறது. ஒரு சிட்டிகை கூட வேண்டாம்.

கொப்பரைத் தேங்காய்: இதில் எண்ணெய் மிகுதி. சூடேறித் தானே தீப்பிடிக்கக் கூடிய பொருள்களின் பட்டியலில் இது இருக்கிறது. பெட்டியில் வைக்க விட மாட்டார்கள்.

ஊறுகாய்: கைப்பையில் வேண்டாம். கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும்.

சில மருந்துகளுக்கும் அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டு மாமா, "இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துடுங்க" என்று கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அம்மா வாங்குவார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. பெட்டிக்குள் இருப்பதற்குப் பெட்டிக்காரரே பொறுப்பு.

கடைசியாக ஒரு வேலை. ஒரு சிறு தாளில் அம்மா, அப்பாவின் தொலைபேசி எண்களை எழுதுங்கள். துபாய் எண்ணும் வேண்டும், ஊர் எண்ணும் வேண்டும். தம்பி, தங்கையின் சட்டைப் பையில் வையுங்கள். உங்கள் பையிலும் ஒன்று. கூட்டத்தில் யாராவது தவறிப் போனால், அந்தத் தாள்தான் வழி காட்டும்.

சொல்லும் பொருளும்

முனையம் – விமானம் ஏறும், இறங்கும் கட்டடம்
காப்புரிமை – ஒன்றைப் புதிதாகச் செய்தவருக்கு அரசு தரும் உரிமை
விலக்கு – விதியிலிருந்து தரும் விடுதலை
கசிதல் – சிறிது சிறிதாக ஒழுகுதல்

பேசுவதும் எழுதுவதும்

போறோம் – போகிறோம்
வேணாம் – வேண்டாம்
வச்சுக்கோ – வைத்துக்கொள்
பூட்டிடலாம் – பூட்டிவிடலாம்

விடை சொல்லுங்கள்

1. உருண்டை மூட்டையைத் துபாய் விமான நிலையத்தில் ஏன் ஏற்பதில்லை?
2. அம்மா மட்டும் ஏறினால் 58 கிலோ. பெட்டியோடு ஏறினால் 82 கிலோ. பெட்டியின் எடை என்ன?
3. இவை கைப்பைக்கா, பெரிய பெட்டிக்கா, வீட்டிலேயே விட வேண்டுமா? பவர் பேங்க், ஊறுகாய், பாப்பாவின் பால், கசகசா.
4. உங்கள் வீட்டில் ஊருக்குப் போகும்போது யார் யாருக்கு என்ன கொண்டு போவீர்கள்? தாத்தா பாட்டியிடம் போனில் பேசி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.